ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மாத்திரை

அம்மா பழைய மருந்துகளைக் கழிப்பறையில் கொட்டப் போனதில்தான் இது ஆரம்பித்தது. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாயம் அடிக்க ஆள் வருகிறார் என்று அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தோம். மைலோ டின்னுக்குப் பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சில மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாகத் தரும் சர்க்கரை நோய் மாத்திரை மெட்ஃபார்மின், அப்பா இருந்தபோது சாப்பிட்ட ரத்த அழுத்த மாத்திரைகள், அடியில் கெட்டியாகிப்போன இருமல் மருந்து, முட்டிவலிக்குத் தடவும் ஜெல், அப்புறம் போன முறை திருச்சிக்குப் போயிருந்தபோது வயிற்றுப்போக்கு என்று மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் வாங்கிய சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் அட்டை, அதில் மிச்சம் நான்கு.

"குப்பையில போட்டா யாராவது எடுத்துச் சாப்பிட்டுருவாங்க. ஃபிளஷ் பண்ணிட்டா பிரச்சினையே இல்ல" என்றார் அம்மா.

"அம்மா, இருங்க. அது திரும்ப நம்ம தண்ணியிலதான் வரும்" என்றேன்.

"அதான் புதுநீருன்னு எல்லாத்தையும் வடிகட்டுறாங்களே, டிவியில காட்டுனாங்களே?"

புதுநீர் என்பது சிங்கப்பூரில் கழிவுநீரையே சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தத் தரும் தண்ணீர். இரண்டு பேர் சொன்னதும் பாதிதான் சரி. அதை நிரூபிக்கப் போய்த்தான் நான் தோண்ட ஆரம்பித்தேன். எங்கள் வீட்டுக் கழிப்பறையைப் பற்றிய கேள்வி கடைசியில் ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் படான்செரு என்ற ஊரில் கொண்டுபோய் விட்டது. ஆகவே இந்தக் கட்டுரையின் மையம் படான்செருதான், ஆனால் நம் வீட்டுக் குழாயை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான்.

கழிப்பறையிலிருந்து குழாய்க்கு

கொட்டினால்தான் மருந்து தண்ணீரில் சேரும் என்பதில்லை. சாப்பிட்டாலே சேரும். மெட்ஃபார்மினை நம் உடல் உடைப்பதே இல்லை, போனபடியே சிறுநீரில் வந்துவிடுகிறது. வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் தோல் வழியாக உள்ளே போகிறது, மிச்சமெல்லாம் குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் போய்விடுகிறது. ஆக நீரில் சேரும் மருந்தில் பெரும்பங்கு உடல் வழியாகப் போவதுதான், பழைய பையைக் கவிழ்ப்பது அதற்கு மேல் ஒரு கூடுதல் கைங்கரியம்.

சிங்கப்பூரில் கழிப்பறையில் போவதும் சாலையோரக் கால்வாயில் போவதும் வேறுவேறு பாதை. இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. கழிப்பறை, சமையலறைத் தண்ணீர் நிலத்தடிக் குழாய்கள் வழியாகச் சாங்கி, கிராஞ்சி மாதிரியான நீர் மீட்பு நிலையங்களுக்குப் போகிறது. மழைத் தண்ணீர் கால்வாய் வழியாக நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் இப்படி மழை பிடிக்கும் நிலம். லிட்டில் இந்தியா பக்கம் ரோச்சோர் கால்வாயில் விழுவது மரினா நீர்த்தேக்கத்துக்குத்தான் வந்து சேரும். எனவே புளோக்குக்குப் பின்னால் இருக்கும் கால்வாயில் இருமல் மருந்தை ஊற்றுவது கழிப்பறையில் ஊற்றுவதை விட மோசம்.

மீட்பு நிலையத்தில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று தீர்க்கின்றன. பாராசிட்டமால், இபுபுரோஃபன் இரண்டும் அவற்றுக்கு எளிதான சாப்பாடு. வலிப்பு மருந்தான கார்பமாசெபின் அப்படியில்லை, கிட்டத்தட்ட முழுசாகத் தப்பி வெளியே வருகிறது. அதற்கு அடுத்த கட்டம் புதுநீர்: நுண்வடிகட்டல், அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளி வடிக்கும் ஆர்ஓ சவ்வு, கடைசியில் புற ஊதாக் கதிர். ஆர்ஓ சவ்வைத் தாண்டுவது மருந்து மூலக்கூறுகளுக்கு மிகக் கடினம், ரொம்பச் சின்ன மூலக்கூறுகள் சிலதான் கொஞ்சம் நழுவும். 2002 தேசிய தினத்தன்று அறுபதாயிரம் பேர் சேர்ந்து புதுநீர்ப் போத்தலை உயர்த்திக் குடித்தது ஞாபகம் இருக்கலாம், அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கிறது. அதோடு புதுநீரில் பெரும்பகுதி குடிநீராக வருவதே இல்லை, சில்லு தயாரிக்கும் ஆலைகளுக்கும் மற்ற தொழில்களுக்கும் போகிறது. வறட்சி மாதங்களில் கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலந்து, மறுபடி சுத்திகரிக்கப்பட்டு வரும்.

ஆக அம்மா ஜெயித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம், ஒரு சின்னத் திருத்தத்தோடு: சவ்வு மருந்தை அழிப்பதில்லை, ஒதுக்குகிறது. ஒதுங்கியது செறிந்த கழிவுநீராக வெளியேறிக் கடலில் போய்ச் சேருகிறது.

சரி, புதுநீர் இல்லாத ஊர்களில்? குடிநீரில் மருந்து இருப்பது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. 1990-களின் தொடக்கத்தில் பெர்லினில் களைக்கொல்லி தேடிக்கொண்டிருந்தவர்கள் கையில் அதே அணுக்கணக்கு கொண்ட வேறொரு பொருள் சிக்கியது, பார்த்தால் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையின் மிச்சமான குளோஃபிப்ரிக் அமிலம். அங்கே ஆறும் ஏரியும் கரை மண்ணில் கசிந்து கிணற்றுக்கு வர, அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊர் குடித்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2012-ல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. சுத்திகரித்த குடிநீரில் மருந்துகள் பொதுவாக லிட்டருக்கு 0.05 மைக்ரோகிராமுக்குக் கீழேதான் இருக்கின்றன, இந்த அளவில் மனித உடலுக்குப் பெரிய பாதிப்பு வர வாய்ப்பு மிகக் குறைவு என்பது அதன் முடிவு. நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினமும் இரண்டு லிட்டர் குடித்தால் 0.1 மைக்ரோகிராம். ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை அளவுக்கு உள்ளே போக ஐம்பது லட்சம் நாள் வேண்டும், அதாவது 13,600 ஆண்டுகளுக்கு மேல்.

அத்தோடு நிம்மதியாகப் படுத்துவிடலாமா என்றால், மீனிடம் கேட்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் இருக்கின்றன. அதில் 260 என்று எண்ணிட்ட ஏரியில் 2001 முதல் மூன்று கோடைக்காலம் கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவுக்குக் கலந்தார்கள். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கான புரதம் ஊறியது, விந்தகத்தில் முட்டை தெரிந்தது, கடைசியில் அங்கே இருந்த ஒரு சின்ன மீனினமே அந்த ஏரியிலிருந்து அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. நானோகிராம் என்பது மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நமக்கு ஒன்றும் செய்யாத அளவு, அதிலேயே வாழும் உயிருக்கு அப்படியில்லை.

படான்செரு

இப்போது அந்தச் சிப்ரோ அட்டைக்கு வருகிறேன். அட்டையின் பின்பக்கம் தயாரித்த கம்பெனி, எண், தேதி எல்லாம் இருக்கிறது. மாத்திரைக்குள் இருக்கும் மூலமருந்து எந்த ஊரில் செய்யப்பட்டது என்று இல்லை. எங்குமே இருப்பதில்லை. மாத்திரையாக அழுத்தி அட்டையில் அடைக்கும் இடம் வேறு, வேதிவினை நடக்கும் இடம் வேறு. அழுக்கு பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

ஹைதராபாத் வட்டாரம் மூலமருந்துத் தயாரிப்பின் பெரிய மையம். 1960-களில் சோவியத் உதவியோடு அங்கே வந்த அரசு மருந்து ஆலையில் வேலை கற்றவர்கள் வெளியே வந்து சொந்தமாக ஆரம்பிக்க, நகரத்தைச் சுற்றித் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. படான்செரு அதில் ஒன்று, அன்று மேடக் மாவட்டம், இன்று தெலங்கானாவின் சங்காரெட்டி. ஏறக்குறைய 90 மருந்து ஆலைகள் தங்கள் கழிவுநீரை டேங்கர் லாரிகளில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பின. அங்கே சுத்தம் செய்து ஓடையில் விடுவார்கள். தாளில் எல்லாம் ஒழுங்கு.

2007-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோக்கிம் லார்சன் குழுவினர் அந்தச் சுத்திகரித்த தண்ணீரைச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். 59 மருந்துகளைத் தேடினார்கள். பதினொன்று லிட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. சிப்ரோஃப்ளாக்சசின் மட்டும் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை. மைக்ரோ இல்லை, மில்லி. இந்த மருந்தைச் சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் உச்சமாக இருக்கும் அளவை விடப் பல மடங்கு.

பதினாறு லிட்டரில் ஒரு முழு 500 மில்லிகிராம் மாத்திரை. நம் வீட்டுக் குளியலறை வாளி ஏறக்குறைய அந்த அளவுதான். ஒரு நாளில் அந்த நிலையத்திலிருந்து வெளியேறிய சிப்ரோவை 45 கிலோ என்று கணித்தார்கள், மொத்த ஸ்வீடனும் ஐந்து நாளில் சாப்பிடும் அளவு. மாத்திரையாக எண்ணினால் தொண்ணூறாயிரம். ஐந்து நாள் மருந்து என்றால் ஒன்பதாயிரம் நோயாளிகளுக்குப் போதும். அதுவும் ஒரே நாளில், ஓடையில். விற்கக்கூடிய சரக்கை யாராவது இப்படிக் கொட்டுவார்களா என்று எனக்கு முதலில் நம்பவே முடியவில்லை. ஆனால் கழிவிலிருந்து அதைப் பிரித்து எடுக்கும் செலவைவிடப் புதிதாகச் செய்வது மலிவாக இருந்தால் கொட்டத்தான் செய்வார்கள்.

2009-ல் அதே வட்டாரத்தின் ஏரிகளையும் கிணறுகளையும் பற்றி அடுத்த ஆய்வு வந்தது. ஓர் ஏரியில் சிப்ரோ லிட்டருக்கு 6.5 மில்லிகிராம். கிராமத்துக் கிணறுகள் பலவற்றில் சிப்ரோ, ஒவ்வாமைக்குத் தரும் செட்டிரிசின், பூஞ்சை மருந்து டெர்பினாஃபின், மனச்சோர்வுக்குத் தரும் சிட்டலோப்ராம் என்று லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல். முன்னால் போட்ட 13,600 ஆண்டுக் கணக்கு இந்தக் கிணறுகளுக்குப் பொருந்தாது.

அந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல ஸ்வீடன்காரர்கள் வர வேண்டியிருக்கவில்லை. படான்செரு மாசு தொடர்பாக 1990-லேயே உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போயிற்று. தண்ணீர் நிறம் மாறுவதும், பயிர் கருகுவதும், ஆடுமாடு சாவதும் யாருக்கும் கருவி இல்லாமலே தெரியும். கருவி சொன்னது வேறொன்று, கண்ணுக்குத் தெரியாத ஒன்று.

கழிவுநீர்த் தொட்டியில் நடந்த பாடம்

மருந்தைக் குடித்து மனிதர்கள் விழுந்தார்களா என்பதை விட முக்கியமான கேள்வி, அந்தத் தண்ணீரில் எந்தப் பாக்டீரியா பிழைத்தது என்பது. ஆலைக் கழிவை நுண்ணுயிர்கள் நன்றாகத் தின்ன வேண்டும் என்று அந்த நிலையத்தில் வீட்டுக் கழிவுநீரையும் கலந்தார்கள். யோசித்துப் பாருங்கள்: மனிதக் குடலிலிருந்து வந்த பாக்டீரியாக்கள், மேலே பல வகை ஆன்டிபயாட்டிக், இதமான வெதுவெதுப்பு, இரவு பகலாக. மருந்துக்கு மடிபவை மடியும். தாங்குபவை பெருகும். தாங்கும் திறன் எழுதப்பட்ட மரபணுத் துண்டைப் பக்கத்தில் இருப்பவற்றுக்கும் கொடுக்கும், வேற்றினமாக இருந்தாலும் கொடுக்கும். அந்தத் தொட்டியில் எடுத்த 93 பாக்டீரியா வகைகளைச் சோதித்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 86 சதவீதம் இருபதோ அதற்கு மேலோ ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அசையாமல் நின்றன.

பிற்பாடு நிலையத்தின் கழிவு ஓடைக்குப் போகாமல், குழாய் வழியாக ஹைதராபாத் நகரின் அம்பர்பேட்டைக் கழிவுநீர் நிலையத்துக்குத் திருப்பப்பட்டது, அங்கிருந்து முசி ஆற்றுக்கு. ஓடைக்கு நல்லதுதான். ஆனால் மருந்துக் கழிவும் ஒரு மாநகரத்தின் மொத்த மலஜலமும் ஒரே இடத்தில் சந்திக்க வைப்பது தீர்வா என்று எனக்குப் புரியவில்லை. இடம் மாறியது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் வாட்ஸ்அப் செய்திகள் கதை கட்டிவிடும். என்டிஎம்-1 என்று ஒரு மரபணு (என்டி என்றால் நியூ டெல்லி), கடைசிக் கட்ட மருந்தான கார்பபெனெமையே உடைத்துவிடும். டெல்லி மருத்துவமனையில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு ஸ்வீடன் நோயாளியிடம் 2008-ல் தெரிந்தது, பெயரில் டெல்லியைச் சேர்த்ததற்கு இந்தியாவில் பெரிய எதிர்ப்பும் கிளம்பியது. அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டிய 2010 ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையிலேயே 44 மாதிரிகள் கிடைத்தன. அடுத்த ஆண்டு டெல்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிக் கசியும் தண்ணீரில் 171-க்கு 51-லும் அந்த மரபணு இருந்தது. இது படான்செருவில் பிறந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. கழிப்பிட வசதிக் குறைவு, சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பது, மருத்துவமனைக் கழிவு எல்லாம் சேர்ந்த பெரிய கதை அது. ஆலைக் கழிவு அதில் ஒரு பங்காளி. ஆனால் நோயாளி யாருக்கும் பயன்படாமல் எதிர்ப்பை மட்டும் வளர்க்கும் பங்காளி அது ஒன்றுதான், அதனால்தான் எனக்கு அதன் மேல் கோபம் அதிகம்.

உலகளவில் 2019-ல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக இறந்தவர்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்பது மதிப்பீடு.

ஈசூனுக்கு என்ன சம்பந்தம்

நம் குழாயில் ஆர்ஓ சவ்வு இருக்கிறது. நம் குடலில் இல்லை. நெதர்லாந்துப் பயணிகளை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வில், தெற்காசியாவுக்குப் போய் வந்தவர்களில் நான்கில் மூன்று பேர், போகும்போது இல்லாத மருந்து எதிர்ப்புப் பாக்டீரியாவைக் குடலில் சுமந்துகொண்டு திரும்பினார்கள். பெரும்பாலோருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, சில வாரங்களிலோ மாதங்களிலோ அது தானாகப் போய்விடும். ஆனால் அந்த இடைவெளியில் ஓர் அறுவை சிகிச்சை, ஒரு சிறுநீர்த் தொற்று என்று வந்தால்தான் சிக்கல். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் திருச்சி விமானத்தில் ஏறி இறங்கும் நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிங்கப்பூர் 2017-ல் மருந்து எதிர்ப்புக்கென்று தேசியச் செயல்திட்டம் போட்டபோது மனிதர், விலங்கு, உணவு, சுற்றுச்சூழல் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் போட்டது.

என் மனதில் உறுத்துவது விலைதான். 2025 ஏப்ரல் முதல் வீட்டுத் தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு 3.24 சிங்கப்பூர் வெள்ளி, மாதம் 40 கன மீட்டர் வரை பயன்படுத்துவோருக்கு. விலை ஏறியபோது எல்லோரும் முணுமுணுத்தோம், நானும்தான். ஆனாலும் அந்தக் காசில் கழிவைப் பிடித்து, சுத்தம் செய்து, சோதித்துத் திரும்பத் தரும் செலவும் அடங்கியிருக்கிறது. மாத்திரை விலையில் அப்படி எதுவும் இல்லை. எவ்வளவு மலிவாகத் தர முடியும் என்பது ஒன்றுதான் போட்டி, கழிவைச் சரியாகக் கையாளும் ஆலை அந்தப் போட்டியில் தோற்கும்.

இதில் ஐரோப்பா செய்வதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். சுவிட்சர்லாந்து 2016 முதல் பெரிய கழிவுநீர் நிலையங்களில் ஓசோன் அல்லது கரித்தூள் கட்டம் சேர்த்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 சட்டம், அந்தக் கூடுதல் கட்டத்தின் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் கொடுக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது சுத்தம் செய்வது தங்கள் ஊர்ச் சிறுநீரை. அந்த மருந்து பிறந்த ஊரின் ஓடையை இல்லை. நார்வே வேறு மாதிரி யோசித்தது: மருத்துவமனைகளுக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கும் ஏலத்தில் விலையோடு சேர்த்துத் தயாரிப்பின் சுற்றுச்சூழல் நடத்தைக்கும் மதிப்பெண் போடுகிறது. இந்தியாவில் 2020 ஜனவரியில் 121 ஆன்டிபயாட்டிக்குகளுக்கு ஆலைக் கழிவில் உச்சவரம்பு வைக்கும் வரைவு வந்தது, 2021-ல் இறுதி விதிகள் வந்தபோது அந்தப் பட்டியலைக் காணவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் ஆலைக் கழிவுக்கென்று வழிகாட்டி வெளியிட 2024 செப்டம்பர் ஆனது, படான்செரு ஆய்வுக்குப் பதினேழு ஆண்டு கழித்து. அதுவும் கட்டாயம் இல்லை.

சிங்கப்பூர் சின்ன ஊர், ஆனால் பொது மருத்துவமனைகளுக்கும் பலதுறை மருந்தகங்களுக்கும் சேர்த்து வாங்கும்போது அது சின்ன வாடிக்கையாளர் இல்லை. நார்வே கேட்பதை நாமும் கேட்கலாம். மாத்திரைக்குச் சில காசு கூடும். தண்ணீருக்குக் கொடுக்கப் பழகியவர்கள்தானே நாம்.

அந்தப் பைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, வடித்த தேயிலைச் சக்கையோடு கலந்து, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிச் சாதாரணக் குப்பையில் போட்டோம். இருமல் மருந்தைப் பழைய துணியில் ஊற்றி அதே பையில். யாரும் எடுத்துத் தின்ன முடியாது, அம்மாவின் பயமும் தீர்ந்தது. இங்கே வீட்டுக் குப்பை எரிக்கப்பட்டுச் சாம்பல்தான் செமக்காவ் தீவுக்குப் போகிறது, அதனால் இது சரிப்படும். இதே யோசனையைத் திருச்சியில் இருக்கும் சித்திக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரியமங்கலம் குப்பைமேட்டைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும், அங்கே மழை பெய்தால் எல்லாம் மறுபடி தண்ணீரில்தான்.

அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போனபோது அம்மா தானாகவே முகப்பில் சொல்லிவிட்டார், வீட்டில் மெட்ஃபார்மின் ரெண்டு பெட்டி அப்படியே இருக்கிறது என்று. மருந்தாளர் கணக்குப் பார்த்து அந்த அளவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். பில்லும் குறைந்தது. வெளியே வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இத்தனை வருஷமா ஏன் யாரும் எங்கிட்ட வீட்ல மிச்சம் இருக்கான்னு கேக்கல?"